நான் கொடுத்த ஃபான்ட்

"ரோஸ்லின், நினைவுப் புத்தகத்தோட ஃபைல் எல்லாத்தையும் இதுல போட்டுக் குடும்மா" என்று ஃபாதர் ஒரு பென்டிரைவை நீட்டினார்.

என் கடை மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பத்துக்கு எட்டு. உள்ளே ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், வருகிறவர்களுக்கு ஒரு ஸ்டூல். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். ஃபாதர் உட்காரவில்லை. எங்கள் பங்கு ஃபாதர் ஒரு இடத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முக்கால் மணி நேரம் ஆகும். அவர் நின்றுகொண்டே பேசியதிலேயே விஷயம் நல்லதில்லை என்று தெரிந்துவிட்டது.

"எதுக்கு ஃபாதர்? என்கிட்டயே பத்திரமாத்தானே இருக்கு."

"இந்த வருஷம் அனிதா பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கும்மா. துபாய்ல, கனடால இருக்கிற நம்ம பசங்க போன்ல படிக்கணும், பேரைப் போட்டுத் தேடணும்னு கேக்கறாங்க. உன் ஃபைலை அனுப்பினா அவங்களுக்கு என்னென்னமோ எழுத்தா வருதாம். உனக்கும் கொஞ்சம் ரெஸ்ட்டு."

ரெஸ்ட்டு வேண்டும் என்று நான் கேட்டேனா? கேட்கவே இல்லை. "சரி ஃபாதர், சாயங்காலம் போட்டு வைக்கறேன்" என்று சிரித்த முகமாகச் சொன்னேன். அவர் போனதும் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு அம்மாவிடம், ரேஷன் கார்டை நேராக வைக்கத் தெரியாதா என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவங்க நேராகத்தான் வைத்திருந்தாங்க.

அந்தப் புத்தகம்

எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த வீடுகளில், ஒரு வழக்கம் உண்டு. நவம்பரில் கல்லறைத் திருநாள் அன்றைக்கு, கல்லறைத் தோட்டத்தில் பூசை முடிந்ததும் ஒரு புத்தகத்தைத் திறந்து வைப்பார்கள். வீட்டுக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் அந்த வீட்டில் செத்து, இந்தத் தோட்டத்தில் புதைத்தவர்கள் பெயர் வரிசையாக இருக்கும். குடும்பத்தில் ஒருத்தர் மைக் முன்னால் வந்து தங்கள் பக்கத்தை வாசிக்க வேண்டும். ஃபாதர் வாசிக்க மாட்டார். உங்கள் வீட்டுப் பெயரை நீங்கள்தான் வாசிக்க வேண்டும்.

அந்த வருஷம் போனவர்களின் பெயரைச் சேர்த்து, ஒவ்வொரு வருஷமும் புதிதாக அச்சடித்து வீட்டுக்கு ஒன்று கொடுப்போம். டைப் அடிப்பது, பக்கம் அமைப்பது, பிரிண்ட் எடுத்துப் பம்மல் பிரஸ்ஸில் கொடுத்து வாங்குவது எல்லாம் நான்தான். இதற்கு நான் கூலி வாங்கியதில்லை. எனக்கு அதில் கிடைத்தது வேறு. அக்டோபர் வந்துவிட்டால் பங்கில் எவ்வளவு பெரிய வீட்டுக்காரரும் என் கடை வாசலில் வந்து நின்றாக வேண்டும். பாடகர் குழுவில் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை, குரல் அப்படி. பங்குப் பேரவையில் எனக்கு இடமில்லை. ஆனால் ரோஸ்லின் டைப் அடிக்காமல் ஒரு பெயரும் அந்தப் புத்தகத்தில் ஏறாது. கோயிலில் எனக்கு இருந்த ஒரே நாற்காலி அதுதான். அதைத்தான் ஃபாதர் பென்டிரைவில் போட்டுக் கேட்டார்.

கீழ்க்கட்டளை அனிதா

அனிதா என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். ஊர் நாகர்கோவில் பக்கம். கல்யாணமாகிக் கீழ்க்கட்டளைக்கு வந்து, சிறுசேரியில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்த்து, இப்போது பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. பாடகர் குழுவில் முதல் வரிசை. குட்டைக் கை வைத்த நல்ல பருத்திச் சுடிதார், தொளதொளவென்று ஒரு பின்னல், அதுவும் அவளுக்கு அழகாகத்தான் இருக்கும்.

அவள் லேப்டாப் ஒரு அப்பளக் கட்டு கனம்தான் இருக்கும். அதில் தமிழ் டைப் அடிப்பாள். லேப்டாப் இல்லாவிட்டால் போனில் கட்டைவிரலால் அடிப்பாள். அவள் அடித்தது யார் போனிலும் திறக்கும், எந்த பிரிண்டரிலும் விழும். நான் அடித்தது என் கடை வாசற்படியைத் தாண்டாது. இத்தனை வருஷம் அதை நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். அவள் பெயரில் ஜ, ஸ, ஷ என்று ஒரு எழுத்தும் கிடையாது. அ, னி, தா. எந்த ஃபான்ட்டில் போட்டாலும் உடையாத பெயர். என் பெயரில் நடுவில் ஒரு 'ஸ்' உட்கார்ந்திருக்கிறது. அதற்குக்கூட எனக்கு அவள் மேல் பொறாமை.

பழைய நம்பர், புது நம்பர்

போன வாரம் இதே பக்கத்தில் ஜெராக்ஸ் மிஷின் வாங்கிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த கூடுவாஞ்சேரி வாசகர் ஒருவர், "ஃபான்ட் மாறினால் தமிழ் ஏன் கிறுக்கலாகிறது? அதையும் எழுதுங்கள்" என்று கேட்டிருந்தார். இந்த வாரக் கதைக்கே அது தேவைப்படுகிறது, நல்லதாயிற்று.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது சார். நம்பர்தான் தெரியும். நீங்கள் ஒரு கட்டையைத் தட்டினால் அது ஒரு நம்பரை எழுதி வைத்துக்கொள்ளும். அந்த நம்பருக்கு என்ன எழுத்து என்று ஒரு பட்டியல் வேண்டும். அதைத்தான் கோட் பேஜ் என்கிறார்கள். அந்த எழுத்து பார்க்க எப்படி இருக்கும் என்று வரைந்து வைத்திருப்பது ஃபான்ட்.

நம் ஊரில் வீட்டுக்குப் பழைய நம்பர், புது நம்பர் என்று ரெண்டு போர்டு தொங்குகிறதா இல்லையா? பழைய பட்டியலை வைத்துக்கொண்டு கூரியர்காரர் வந்தால் உங்கள் பார்சல் யார் வீட்டிலோ இறங்கும். அவ்வளவுதான் விஷயம். பழைய தமிழ் ஃபான்ட்டுகளில் மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு கதவுகள். இங்கிலீஷ் எழுத்துகளைக் காலி செய்துவிட்டு அந்தக் கதவுகளுக்குள் தமிழைக் குடிவைத்தார்கள். எந்த எழுத்து எந்தக் கதவு என்று கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரு ஃபான்ட்டில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் 'அ' இருந்த வீட்டில் 'ழு' எட்டிப் பார்க்கும். தமிழ் ஃபான்ட்டே இல்லாத மிஷின் என்றால் பழைய குடித்தனக்காரர்களே வந்து நிற்பார்கள், தலையில் புள்ளியும் கொம்பும் வைத்த இங்கிலீஷ் எழுத்துகள்.

ஒரு வக்கீல் குமாஸ்தா என்னிடம் அடித்த நோட்டீஸை வேறு கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார். பக்கம் முழுக்கக் கொம்பு. கூட வந்த கட்சிக்காரர் பயந்துபோய், "இது ஐகோர்ட்டு பாஷையா மேடம்?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். குமாஸ்தா அதற்குப் பிறகு வேறு கடைக்குப் போகவில்லை.

முன்பு வைத்திருந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்னும் மோசம். அதற்கு எழுத்தெல்லாம் பிறக்கும்போதே வயிற்றுக்குள் வைத்து அனுப்பியிருப்பார்கள். தமிழ் கிடையாது. தமிழை அதற்குப் படமாக வரைந்துதான் அனுப்ப வேண்டும். அது ஒரு வரியை அடித்து முடிப்பதற்குள் நான் எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

அனிதா மாதிரி ஆட்கள் பயன்படுத்துவது யூனிகோட். உலகத்தில் இருக்கிற எல்லா எழுத்துக்கும் ஆளுக்கு ஒரு கதவு. எந்த ஊரிலும் அதே நம்பர். போர்டு மாறாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்களைப் போல் கடை வைத்தவர்களுக்கு அதில் ஒரு லாபமும் இல்லை.

ஏழு எழுத்து

என் வீட்டுக்காரர் ஸ்டீபன் மஞ்சள் காமாலையில் போனார். முப்பதாம் நாள் பூசைக்கு அழைப்புக் கார்டை நானே அடித்தேன். பிரிண்ட் எடுத்து, கவரில் போட்டு, பாதிக்கு மேல் கொடுத்த பிறகு என் நாத்தனார் கேட்டாள், "அண்ணி, இது யாரு டீபன்?"

'ஸ்' விழவேயில்லை. திரையில் இருந்தது, தாளில் இல்லை. அந்த ஃபான்ட்டில் 'ஸ்' குடியிருந்த கதவு நூற்று எழுபத்து மூன்று. புதுக் கம்ப்யூட்டர்கள் அந்த நம்பரைத் தங்கள் சொந்த வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. வரியை மடக்குகிற இடத்தைக் குறித்து வைக்கிற வேலை. அந்தக் கதவில் யார் இருந்தாலும் பிரிண்டில் மறைத்துவிடும். இது எனக்கு அப்போது தெரியாது. அவர் பெயரை நானே தப்பாக அடித்து ஊருக்குக் கொடுத்தேன் என்றுதான் அழுதேன்.

சைதாப்பேட்டையில் ஃபான்ட் வரைந்து கொடுக்கிற ஒருத்தரைத் தேடிப் போனேன். அவர் ஜ, ஸ, ஷ, ஹ எல்லாவற்றையும், ஸ்ரீ வரைக்கும், மொத்தம் ஏழு எழுத்துகளை அந்த இடங்களிலிருந்து எழுப்பி, காலியாக இருந்த வேறு கதவுகளில் குடிவைத்துக் கொடுத்தார். ஃபான்ட்டின் பெயரை மாற்றவில்லை. வெளியில் பார்த்தால் ஊரில் எல்லாக் கடையிலும் இருக்கிற அதே ஃபான்ட். உள்ளே ஏழு எழுத்து இடம் மாறியது. அது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். அவரும் பிறகு கடையை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டார்.

எங்கள் ஆட்களின் பெயரைப் பாருங்கள். ஜோசப், ஜேம்ஸ், ஸ்டெல்லா, ஜெபமாலை, செபஸ்தியான், ஹென்றி. அந்த ஏழு எழுத்து இல்லாமல் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஒரு வரிசையைக்கூட முழுதாக எழுத முடியாது.

பென்டிரைவில் போனது

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். திருத்தி அழகாகச் சொல்லப் போவதில்லை.

ஃபாதர் கொடுத்த பென்டிரைவில் எல்லா வருஷத்து ஃபைலையும் போட்டேன். கூடவே ஃபான்ட்டையும் போட வேண்டும், அதுதான் எங்கள் தொழிலில் மரியாதை. போட்டேன். ஆனால் என்னுடையதை இல்லை. ஊரில் எல்லாரிடமும் இருக்கிற அந்தப் பழைய ஃபான்ட்டைப் போட்டேன். பெயர் அதேதான். யாராவது கேட்டால், "கொடுத்தேனே" என்று சத்தியம்கூடச் செய்யலாம்.

அவள் புத்தகம் நாசமாக வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. பழைய புத்தகம் கோயில் அலமாரியில் இருக்கிறது, அதைப் பார்த்துத் திரும்ப முதலிலிருந்து அடிக்க எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். அவள் முழி பிதுங்கி நிற்க வேண்டும். ஃபாதர் என் கடைக்கு வந்து, இந்தத் தடவை ஸ்டூலில் உட்கார்ந்து, "நீதாம்மா பாக்கணும்" என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பம்மலில் கேட்ட செய்தி

பத்து நாள் கழித்து ஒரு கல்யாணப் பத்திரிகை வேலையாகப் பம்மல் போனேன். ஆஃப்செட் பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிற கோபியிடம் சும்மா கேட்பதுபோல், "கோயில் புக்கு வந்துச்சா?" என்றேன்.

"அந்தப் பொண்ணு வந்துச்சுக்கா. ட்ரையலுக்கு நாலு பக்கம் அடிச்சுக் குடுன்னுச்சு. இன்னாக்கா அது, பேரு பூரா கட்டம் கட்டமா கீது. பேஜாரா பூட்ச்சு. நீ குடுத்தா ஒரு தபா கூட இப்டி ஆனதில்லியே."

"எல்லாத்துக்கும் ஒரு அனுபவம் வேணும் கோபி" என்றேன். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிற இடத்தில் ரெண்டு மிளகாய் பஜ்ஜி வாங்கி நின்றபடியே சாப்பிட்டேன். எனக்கு அல்சர், பஜ்ஜி ஆகாது. அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை.

மறுநாள் அனிதாவே கடைக்கு வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்த நாலு பக்கத்தையும் காட்டினாள். ஒரு பக்கத்தில் ஜோசப் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஒற்றைக் கொம்பு, அடுத்து ஒரு கட்டம், அடுத்து ஒரு கால், அடுத்து 'சப்' என்று இருந்தது. எனக்குப் பார்க்கவே கூசியது.

"அக்கா, நீங்க குடுத்த ஃபான்ட் வேற வெர்ஷனா? சில எழுத்து மட்டும் விழ மாட்டேங்குது."

"இல்லையே அனிதா. நான் எப்பவும் யூஸ் பண்றதுதான். உன் மிஷின் புதுசு, அதுல என்னமோ பிரச்சனை."

"அப்படியாக்கா?" என்று என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிக்கா, நான் பாத்துக்கறேன்." டீ வாங்கித் தரேன் என்றேன், வேண்டாம் என்று போய்விட்டாள்.

வீடு வீடாக

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் பூசை முடிவில் அறிவிப்பு வாசித்தார். பெயர்களைச் சரிபார்க்க அனிதா ஒவ்வொரு வீட்டுக்கும் வரும், ஒத்துழைப்பு கொடுங்கள் என்றார். எனக்குப் புரியவில்லை. பழைய புத்தகம் அலமாரியில் இருக்கிறதே, அதைப் பார்த்தாலே போதுமே. எதற்கு இந்த அலைச்சல்?

அவள் போனாள். பம்மல், சேலையூர், கீழ்க்கட்டளை, பெருங்களத்தூர் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மூன்று வாரம் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் அவர்கள் பக்கத்தை எடுத்துக் காட்டி, இது யார், இது என்ன பெயர் என்று கேட்டாள். செய்தி எனக்குத் தினமும் வந்தது. கடைக்கு வருகிற எல்லாருக்கும் அதுதான் பேச்சு.

"எங்க வீட்ல ரெண்டு மணி நேரம் உக்காந்துச்சு ரோஸ்லின். எங்க மாமியார் கதை பூரா கேட்டுச்சு."

"ஆல்பம் எல்லாம் பாத்துச்சு. என் பையன் படத்தப் பாத்து அது அழுதுச்சு, நானும் அழுதேன். அவன் போனதுக்கு அப்புறம் யாருமே அவனப் பத்தி என்கிட்ட கேட்டதில்ல."

"தங்கமான பொண்ணு. சாப்பிடாம அனுப்பவே மனசு வரல."

எனக்குத் தலை சுற்றியது. அவளை முழி பிதுங்க வைக்கலாம் என்று நான் கொடுத்த ஃபான்ட் அவளை வீடு வீடாகக் கொண்டுபோய் உட்கார வைத்து மீன் குழம்பு பரிமாறுகிறது. மூன்று வாரத்தில் என்னைவிட அவளுக்குப் பங்கில் அதிகம் பேரைத் தெரிந்துவிட்டது. தலைவலி என்று ரெண்டு நாள் கடையைப் பூட்டி வைத்தேன். வீட்டிலும் அதே நினைப்புதான்.

கடைசி வீடு

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு என் வீட்டு மணி அடித்தது. அனிதா நின்றாள்.

"எல்லா வீடும் முடிஞ்சிருச்சுக்கா. உங்க வீடுதான் கடைசி."

உள்ளே வந்து உட்கார்ந்து பையிலிருந்து என் பக்கத்தை எடுத்து டீப்பாயில் வைத்தாள். அதில் ஒரு கட்டம்கூட இல்லை. ஸ்டீபன் என்று முழுதாக இருந்தது. என் மாமனார் ஜேக்கப், என் அக்கா ஜூலியட், எல்லாரும் முழுதாக இருந்தார்கள். அச்சு அவ்வளவு சுத்தம்.

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அனிதா, அந்த ஃபான்ட் நான் வேணும்னேதான் மாத்திக் குடுத்தேன்" என்றேன்.

"தெரியும்க்கா."

"எப்போ?"

"உங்க கடையிலருந்து போன மறுநாளே. கோயில் அலமாரில போன வருஷப் புக்கு இருந்துச்சு. அதையும் உங்க ஃபைலையும் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். ஏழு எழுத்துதான் இடம் மாறியிருக்குன்னு தெரிஞ்சிருச்சு. மாத்தி எழுத ஒரு மணி நேரம்கூட ஆகல."

ஒரு மணி நேரம். நான் சைதாப்பேட்டைக்கு எத்தனை நடை நடந்தேன், எத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். நான் வெட்கப்பட வேண்டிய நேரத்திலும் முதலில் வந்தது வயிற்றெரிச்சல்தான்.

"அப்புறம் எதுக்கு வீடு வீடா போன? ஃபாதர் கிட்ட சொல்லியிருக்கலாமே."

அவள் துப்பட்டா நுனியைச் சுருட்டினாள். பிறகு சொன்னாள், "சொல்லியிருந்தா வேலை முடிஞ்சிருக்கும்க்கா. யார் வீட்டுக்கும் போகக் காரணம் இருந்திருக்காது. அஞ்சு வருஷமா இந்தக் கோயிலுக்கு வர்றேன். பாட்டு முடிஞ்சா 'நல்லா பாடினம்மா'ன்னு சொல்லிட்டு எல்லாரும் உங்ககிட்ட போயிடுவாங்க. வாசல்ல எப்பவும் உங்கள சுத்தி நாலு பேர். சிரிச்சுப் பேசிட்டு இருப்பீங்க. நான் ஸ்கூட்டர எடுக்கற மாதிரி நின்னு பாத்துட்டு இருப்பேன். எனக்கு எவ்ளோ பொறாமையா இருக்கும் தெரியுமா? உங்க புக்க நான் கேட்டு வாங்கினதே அதுக்குத்தான்."

அந்த நாலு பேர் யார் தெரியுமா? "ஆதார்ல அட்ரஸ் மாத்தணும்", "பேன் கார்டு எப்ப வரும்", "நாளைக்குக் கடை உண்டா" என்று கேட்கிறவர்கள். அதை ஒருத்தி தூரத்தில் நின்று பார்த்து ஏங்கியிருக்கிறாள். அக்டோபரில் பெயர் கொடுக்க வந்தவர்கள் என்னிடமும் கதை சொல்லத்தான் பார்த்தார்கள். "பேரை மட்டும் சொல்லுங்க, ஆள் நிக்குது" என்று நான்தான் வாயை மூட வைத்தேன். தன் பையனைப் பற்றி யாருமே கேட்டதில்லை என்று அழுத அந்த அம்மா, அவன் பெயரை என்னிடம்தான் கொடுத்தார்கள். நான் அடித்துவிட்டு, 'அடுத்து' என்றேன்.

ஒரு பக்கம்

"உன் பக்கம் எங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு ஏதுக்கா பக்கம்? அம்மா ஊர்லதானே இருக்காங்க. இங்க புதைச்சவங்க பேர்தானே போடணும்."

"அம்மா போயிட்டாங்களா? எப்போ?"

"நான் இங்க வந்த ரெண்டாவது வருஷம். லீவு கிடைச்சுப் போறதுக்குள்ள எடுத்துட்டாங்க."

ஐந்து வருஷமாக ஒரே கோயில். எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

அன்று மத்தியானமே ஃபாதரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டார். திட்டவில்லை. "இனிமே வருஷா வருஷம் அனிதாவே பாக்கட்டும் ரோஸ்லின்" என்றார். சரி என்றேன். அப்புறம், அவள் அம்மாவுக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டேன். "அது வழக்கம் இல்லையேம்மா" என்றார். வழக்கப்படிதான் இத்தனை நாள் நான் நடந்துகொண்டேனா ஃபாதர் என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கோபிக்கு போன் போட்டேன். "ப்ளேட்டு போட்டாச்சேக்கா. ஆனா கடசி ஃபாரத்துல ஒரு பக்கம் காலியாத்தான் கீது" என்றான். புத்தகம் எட்டு எட்டுப் பக்கம் கொண்ட ஃபாரமாக ஓடுவதால் கடைசியில் எப்போதும் ஒன்றிரண்டு மிஞ்சும். அனிதாவின் புருஷனிடம் பெயரைக் கேட்டு வாங்கி, ஜெசிந்தா என்று அடித்து, எந்த மிஷினிலும் உடையாதபடி எழுத்தைக் கோட்டுப் படமாக மாற்றி அனுப்பினேன். அந்தப் புத்தகத்தில் நான் செய்த கடைசிப் பக்கம் அது. ஃபாதரிடம் சொன்னேன், அவளிடம் சொல்லவில்லை.

கல்லறைத் திருநாள் அன்றைக்கு நல்ல மழை. என் முறை வந்தது. மைக் முன்னால் போய் ஸ்டீபன் பெயரை வாசித்தேன், மற்றவர்கள் பெயரையும் வாசித்தேன். யாரோ ஒரு குழந்தை அழுதது. பின் வரிசையில் போன் அடித்தது. புத்தகம் நனையாமல் புடவைத் தலைப்பால் மூடிப் பிடித்துக்கொண்டு வாசித்துவிட்டுத் திரும்பினேன்.

எல்லாப் பக்கமும் முடிந்த பிறகு ஃபாதர், "அனிதா, வாம்மா" என்று கூப்பிட்டார். அவள் ஒன்றும் புரியாமல் வந்து கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடினாள். ஒரே ஒரு பெயர். அதை வாசிக்க அவளால் முடியவில்லை. அவள் போய் உட்கார்ந்த வீட்டுப் பெண்கள் எல்லாம் ஒவ்வொருத்தராக எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்கள். பையனைப் பறிகொடுத்த அந்த அம்மா அவளுக்குக் குடை பிடித்தார்கள். ஜெசிந்தா என்று அவள் சொன்னபோது தோட்டம் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

நானும் அழுதேன், பொய் சொல்லவில்லை. ஆனால் எனக்கு முதலில் தோன்றியது அழுகை இல்லை. நான் வாசித்தபோது ஒருத்தரும் குடை பிடிக்கவில்லையே என்றுதான் தோன்றியது.